கதவை மறித்து இரண்டு சைக்கிள்

பிக்கப்பின் முதுகில் நாங்கள் கட்டியதை
வீடென்று சொன்னால் வீடுகள் கோபிக்கும்.
பிளைவுட் பெட்டி. தகரக் கூரை.
சீனக்குடாப் பழைய இரும்புக் கடையில்
பேரம் பேசாமல் வாங்கிய கப்பல் ஜன்னல், வட்டமாய் ஒன்று.
உள்ளே மெத்தை, காஸ் அடுப்பு,
குனிந்து நிற்கப் பழகிய இரண்டு பேர்.

எல்லாவற்றுக்கும் இடமிருந்தது.
சைக்கிள்களுக்கு இல்லை.

கூரையில் ஏற்றிக் கட்டினோம்.
கன்னியா வீதியின் கிளைகள்
போகும்போது மணியைப் பிடுங்கின,
வரும்போது சீற்றைக் கிழித்தன.
முன் பம்பரில் கட்டினோம்.
காற்றில்லாமல் இஞ்சின் கொதித்து
சாம்பல்தீவில் அரைமணி நேரம் மூச்சு வாங்கியது.
உள்ளே படுக்க வைத்தோம்.
விரிப்பெல்லாம் செயின் எண்ணெய்,
நடுச்சாமத்தில் என் விலாவில் ஒரு பெடல்.

மிஞ்சியது பின்பக்கம்.
பின்பக்கத்தில்தான் கதவு.

கிண்ணியாப் பட்டறையில் முக்தார் நாநா
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.
"வண்டிக்கு வால் வெச்சா, புள்ள,
பின்னுக்கு எடுக்கக்குள்ள
வாலுதான் முதல்ல சாகும்."
சொன்னார், என்றாலும் வைத்தார்:
கீல் போட்ட இரும்புச் சட்டம்,
சைக்கிள்களோடு சேர்ந்து
மாட்டுப் பட்டிப் படலைபோல் விலகும்.
கொளுக்கி மட்டும் வெளிப்பக்கம்.
உள்ளே ஒருவர் இருக்கையில்
மற்றவர் மறந்துபோய்ப் பூட்டினால்
வட்டக் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.
யூட் இரண்டு தரம் மறந்தான்.
நான் ஒரு தரம். மறக்கவில்லை.

முதல் இரவு கோட்டைப் பக்கம் நிறுத்தினோம்.
விடிய எழும்பிப் பார்த்தால்
புள்ளிமான் ஒன்று
என் கைப்பிடி உறையை நக்கிக்கொண்டு நிற்கிறது,
உள்ளங்கை உப்பு தீரும்வரைக்கும்.
விரட்டவில்லை.
இன்னொன்று யூட்டின் சீற்றை மணந்து பார்த்து
வேண்டாமென்று போனது.
அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

இரண்டாம் நாள் கும்புறுப்பிட்டி தாண்டி
டீசல் முடிந்தது.
முள் பொய் சொல்லும் என்று அவனுக்குத் தெரியும்,
அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.
இருவரும் ஒன்றும் பேசாமல்
வெள்ளை றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு நான் இறங்கிப்போய்
கொளுக்கியைக் கழற்றி
என்னுடையதை மட்டும் எடுத்தேன்.
"நான் போறன்."
"வெயில்."
"தெரியும்."

இரண்டு நாள் தொங்கிய சக்கரம்
தரையைத் தொட்டதும் சின்னதாய் ஒரு கிறீச்.
இறக்கக்கண்டிப் பாலத்தில் காற்று
முதுகில் கை வைத்துத் தள்ளியது.
நிலாவெளிச் செட்டில் வரிசை இல்லை.
கானை நிரப்பி ஹாண்டிலில் கொழுவினேன்.
வண்டி ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய,
அப்படியே பாலம்வரை வந்து
அங்கே நேரே போகவில்லை.

மணல் பாதையில் இறங்கினேன்.
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
வலையின் வயிறு கரைக்கு வரும்வரை பார்க்கலாமென்று நின்றேன்;
அது வர நெடுநேரம்.
மூக்குத்தி போட்ட சிறுமி கேட்டாள்:
"கானுக்குள்ள என்ன, அக்கா?"
"டீசல்."
"சைக்கிளுக்கா?"
அவள் ஓடிப்போய் எல்லாருக்கும் சொல்ல
கயிற்றை விடாமலே
அத்தனை பேரும் சிரித்தார்கள்.
நானும்தான். வயிறு நோகும்வரை.
கிடைத்தது ஒரு கூடைச் சாளையும்
நிறையச் சொறியும்.

திரும்புகையில் எதிர்க்காற்று.
ஒரு மன்னிப்பை மிதித்து மிதித்துத் தயாரித்தேன்:
செட்டில் சனம், செயின் கழன்றது,
இரண்டில் எது நம்பும்படி இருக்கும்?

வளைவில் பிக்கப் தெரிந்தது.
படலை திறந்து கிடந்தது.
தன் சைக்கிளை இறக்கி
யூட் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்,
இரண்டு கையையும் விட்டு,
வெறும் றோட்டில்,
வாயில் ஏதோ முணுமுணுப்பு.

என்னைக் காணவில்லை இன்னும்.
ஒரு காலை ஊன்றி
வடலி நிழலில் நின்றேன்.
கான் கனத்தது.
அவன் ஐந்தாவது சுற்று வந்தான்.
மணியில் விரலை வைத்துக்கொண்டு
அடிக்காமல் இருந்தேன்.