தே ஆறும் வரை

பகாவைத் தாண்டி, செம்பனை ஆலைக்குப் போகும் சாலையில்
லியோங் தவ்கேயின் பழைய இயந்திரக் கிடங்கு.
முட்டிவரை லாலான் புல்.
அதற்குள் இரண்டு கிரேன் லோரிகள்.
ஒன்று புதுச் சிவப்பு.
மற்றதை ஒருகாலத்தில் மஞ்சள் என்றிருப்பார்கள்.

"இருபத்தஞ்சு டன், தங்கச்சி" என்கிறார் தவ்கே,
எங்களோடு பேசிப் பேசித் தேய்ந்த தமிழில்.

இருபத்தைந்தெல்லாம் அதன் காலடியில் மட்டும்.
கையை நீட்டச் சொல்லுங்கள்,
பதினெட்டு மீட்டரில் ஒன்றரை டன் தேறினால் அதிகம்.
எடை அட்டவணையின் கடைசிக் கட்டத்தைத்தான்
நான் முதலில் படிப்பேன்.
சொந்தக்காரர்களிடம் கடன் கேட்டுப் பழகியவளுக்கு
இது ஒன்றும் புதிதில்லை.

கட்டுகிறவனுக்குக் கவலை குறைவு.
தூக்கும் பொருளுக்கு ரசீது உண்டு,
ரசீதில் எடை உண்டு.
இடிக்கிறவளிடம் சுவர் எதையும் சொல்வதில்லை.
உத்திரம் இரண்டு டன் என்று கணக்குப் போட்டு அறுத்தால்
அறுபடாத கம்பி ஒன்று உள்ளே இருந்து
விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும்.
அந்த ஒரு நொடி
கொக்கியில் தொங்குவது உத்திரமல்ல,
மூன்று மாடி.

எந்த மூன்று மாடி என்றால்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன பேரங்காடி.
ஒருநாள்கூடத் திறக்காதது.
அதற்காக அழ ஊரில் ஆளில்லை,
வௌவால்களைத் தவிர.

அடைக்கலராஜ் மல்லாந்து அடியில் நுழைகிறான்.
டார்ச் வெளிச்சம் இரும்பில் ஊர்கிறது.
சுழல்வட்டத்தின் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி
ஒவ்வொன்றின் குரலையும் கேட்கிறான்.
வடத்தைத் துணியால் உருவுகிறான்.
அறுந்த இழை இருந்தால் துணி மாட்டும்.
சிவப்பில் மாட்டவில்லை.
புதுக் கயிறு. புதுப் பெயிண்ட்.
புதுப் பெயிண்டைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.
இருபது காசை எடுத்து மூட்டருகே சுரண்டினேன்.
தழும்பு இல்லை, பற்றவைத்த தடம் இல்லை.
தவ்கே பார்த்துக்கொண்டிருந்தார்.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு கூண்டில் ஏறினேன்.
பாரம் மிஞ்சினால் கத்த வேண்டிய மணியின் வயரை
யாரோ நிதானமாக வெட்டி
நுனியில் டேப் சுற்றியிருந்தார்கள்.
காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல அவ்வளவு பதமாக.

"கான்கிரீட் கட்டையைத் தூக்குங்கள்" என்றேன்.
தூக்கினார்கள்.
"அப்படியே விடுங்கள். தே வாங்கி வரட்டும்."

பின்னால் இருந்த தூணில், கட்டையின் அடிமட்டத்துக்கு
சாக்கட்டியால் ஒரு கோடு.
கயிறு கட்டிய பொட்டலத்தில் தே வந்தது.
யாரும் பேசவில்லை.
சாலையில் குலை லோரிகள் போயின.
ஆலையின் புளித்த வாடை வந்தது.
என் பொட்டலம் ஆறியபோது
கட்டை கோட்டுக்குக் கீழே
இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

"இரண்டு விரல்தானே" என்றார் தவ்கே.
இரண்டு விரல் போதும் தவ்கே,
கீழே யாருடைய கையாவது இருந்தால்.

மஞ்சளுக்கும் அதே கட்டை, அதே கோடு.
இன்னொரு தே.
கட்டை அசையவில்லை.
ஆனால் கை நான்கு மீட்டர் குட்டை.
அதையும் போதாதென்று நீட்டிப் பார்த்தான் அடைக்கலராஜ்.
மணி அலறியது.
புல்லுக்குள் தூங்கிய நாய் எழுந்து ஓடியது.
தவ்கே காதைப் பொத்திக்கொண்டு
மன்னிப்புக் கேட்பவர்போலச் சொன்னார்:
"இது ரொம்ப வாயாடி.
அதனாலதான் பழைய முதலாளி தள்ளிவிட்டான்."

விலையில் மூவாயிரம் வெள்ளி குறைத்தேன்.
வாயாடிக்காக இல்லை, டயருக்காக.

இப்போது அது எனக்கு முன்னால் போகிறது,
மணிக்கு நாற்பதில்,
அடைக்கலராஜின் கை ஜன்னலுக்கு வெளியே
எல்லோரையும் முந்திப் போகச் சொல்லியபடி.
பின்னால் ஹாரன்கள்.
குட்டைக் கைக்கு வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும்,
நான்கு நாள் கூடுதல்.
அந்த நான்கு நாள் கூலியை
எந்தக் கணக்கில் எழுதுவதென்று
ரொம்பின் சாலைச் சந்திப்பு வரை யோசித்தேன்.
பச்சை விழுந்தது.
இன்னும் எழுதவில்லை.