முன்னிருந்தது

கோரிக்கை ஒன்று:
விளம்பரதாரரிடம் பெற்ற பணத்தால் ஒரு திட்டத்தை நிறைவேற்றுதலும்,
அத்திட்டத்தைப் பயன்படுத்துவோர் கண்ணில்
அவ்விளம்பரம் படச் செய்தலும் அடங்கிய ஒரு முறை.

ஒரே வசனம்தான், பதினொரு வரிக்கு நீள்கிறது.
எழுதியவர் எந்த நாட்டிலோ நல்ல வக்கீல் வைத்திருக்கிறார்.
எனக்கு மணித்தியாலக் கூலி.
ஸ்ரான்லி வீதியில் ஒரு மாடி, கிறீச்சிடும் மின்விசிறி.
இது உலகத்தில் ஏற்கெனவே இருந்ததா என்று தேடுவது வேலை.
முன்னுரிமைத் திகதிக்கு ஒரு நாள் முந்தினாலும் போதும்,
ஆக்கவுரிமை கிடையாது.

நான் சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து மேசை யதுகுலன்
எட்டிப் பார்த்து வாசித்தான்.
"உது எங்கட கோயில் ரியூப் லைற்றெல்லே.
வெளிச்சத்தில பாதி உபயகாரற்ற பேருக்கே போயிடும்."

ஊருக்குத் தெரிந்தது சான்றாகாது.
தாள் வேண்டும், தாளில் திகதி வேண்டும்.
இங்கே தாள்கள் எப்படிப் போயின என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஓர் இரும்புக்கடை.
தவநீதன் கணக்குக் கோவையைச் சீமெந்துப் பையில் சுற்றி வைத்திருந்தார்.
மூன்று இடப்பெயர்வு. காசு தரவேண்டியவர்களின் பட்டியல்
அதற்குள் இருந்தபடியால்
தகப்பன் மூன்று முறையும் கைவிடவில்லையாம்.

உள்ளே, வளர்மதி வாசிகசாலை ஆண்டு மலர்.
முன்னட்டை இல்லை.
கறையான் ஆசியுரைகளை முழுதாகத் தின்று
விளம்பரங்களை விட்டிருந்தது.
பின்னட்டையில் இந்தக் கடை:
மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்களுக்கு நம்பிக்கையான இடம்,
தொலைபேசி 417.
அதில் குண்டூசியால் குத்திய பற்றுச்சீட்டு:
பின்னட்டைக்காக ரூபா எழுபத்தைந்து,
கூரை ஓட்டுச் செலவுக்கு நன்றியுடன் பெற்றோம்,
பொருளாளர் ஐ. குலவீரசிங்கம்.

திகதி இருந்த இடத்தில் குண்டூசித் துரு.

பக்கம் பக்கமாகத் தடவினேன்.
ஒரு புடைவைக் கடை வாழ்த்தியிருந்தது:
மலரும் பிரமாதீச வருடத்தில் மகிழ்ச்சி பொங்குக.

பிரமாதீச அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்.
பதின்மூன்றா, எழுபத்துமூன்றா, இரண்டாயிரத்து முப்பத்துமூன்றா
என்று பரிசோதகர் கேட்கக்கூடும். கேட்பார்கள்.
கடைசியது இன்னும் வரவில்லை.
பதின்மூன்றில் 417ஐச் சுழற்றினால்
யார் வீட்டில் மணி அடித்திருக்கும்?
எழுபத்துமூன்று, சித்திரை.
விளம்பரத்துக்கு விளம்பரமே சாட்சி சொன்னது.

ஒன்று முதல் ஆறு வரை கோரிக்கைகள் சரிந்தன.
ஏழு நின்றது:
திட்டச் செலவு ஈடானதும் விளம்பரம் தானாக நீக்கப்படுதல்.

வாசிகசாலையைப் போய்ப் பார்த்தேன்.
கூரை எண்பத்தேழில் போனது என்றார் ஒருவர்,
தொண்ணூறு என்றார் மற்றவர், சண்டை பிடித்தார்கள்.
தெற்குச் சுவரில், நீலத்தில், ஒரு சோடாக் கம்பனி:
தாகமா?
கம்பனி இல்லை. முதலாளி ஸ்காபரோவில் காலமாகி
முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது.
சுவருக்குக் கீழே ஒரு மாடு.
கேள்வியை அது மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தது.
ஓட்டுக் காசு எப்போதோ தீர்ந்தது.
பெயரை அழிக்க இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எழுதினேன்:
கோரிக்கை ஏழுக்கு முன்னிருந்தது எதுவும் காணப்படவில்லை.
அழித்து எழுதிப் பார்த்தேன். அப்படித்தான் வந்தது.

மலரைத் திருப்பிக் கொடுத்தபோது
"இதால எங்களுக்கு என்ன?" என்றார் தவநீதன்.
அறிக்கையில உங்கட கடைப்பேர் வரும்,
ஆவணம் ஒன்று எண்டு. வெளிநாட்டில வாசிப்பினம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு லாச்சியை இழுத்துக் காசை எண்ணத் தொடங்கினார்.
"உள்பக்கமோ, பின்னட்டையோ?"