குட்டைக்குக் குடை

போர்ட் ரென்ஃப்ரூவில் விடிந்ததிலிருந்து மழை.
வற்றம் ஒன்பது இருபதுக்கு;
கடல் தள்ளிவைக்கவில்லை.

துளி விழுந்து விழுந்து கலங்கும் பாறைக்குட்டையில்
ஒன்றுமே தெரியவில்லை என்றாள் மதுவந்தி.
பிறகு, தன் குடையை
அதற்குப் பிடித்தாள்.

குடையளவுக்குத் தெளிந்தது தண்ணீர்.
ஊதா முள்ளோடு மூரைகள்.
இறகுக் கை நீட்டி நீட்டி இழுக்கும் கொட்டலசு.
துறவி நண்டொன்று
காலி ஓட்டுக்குள் புகுந்து பார்த்துவிட்டுப்
பழைய வீட்டுக்கே திரும்பியது.
"துறவியாம்!" என்றாள்.
"வாடகை கட்டாதுபோல" என்றேன்.

முதுகில் ஓடிய மழை
சப்பாத்துக்குள் இறங்க,
நானும் என் குடையை
அடுத்த குட்டைக்குக் கொடுத்தேன்.
உள்ளே ஒரே ஒரு கடற்சாமந்தி, பச்சையாய், விரிந்து.

தொட்டேன்.
மூடிக்கொண்டது.

ஓதம் கணுக்காலுக்கு வரும்வரை
குடையோடு நின்றேன்.
திறக்கவில்லை.