மெழுகுவர்த்தி, பதினொன்று நாற்பது

மைலோ டின் மூடியில் கத்தரிக்கோலால் கீறிய வாய்.
வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஒரு வெள்ளி.
முப்பத்தெட்டுத் தலை.
பொருளாளர் யார் என்று மிஸ் ஓங் கேட்டபோது
நெற்றி முடியை ஒதுக்கத்தான் கை தூக்கினேன்.

கணக்கைத் தமிழில் எழுதினேன்.
வீம்பு என்றால் வீம்பு.
வகுப்பில் தமிழ் படிப்பவர்கள் நான்கே பேர்,
மற்றவர்களுக்கு அந்த நோட்டு பூட்டிய அலமாரி.

முதல் செலவு, அறிவிப்புப் பலகைக்கு நீலத்தாள், ஆறு வெள்ளி.
கடலென்று ஒட்டினோம். மீன்களுக்கு எங்கள் முகங்கள்.
ஹுவே மின் தன் படத்தைச் சுறாவின் வயிற்றில் வைத்தாள்,
அங்கே குளிராக இருக்குமாம்.

சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு இரண்டு பெட்டி.
தோல் வாசனை போவதற்குள் முழுமைத் தற்காப்பு நாள்.
உப்பில்லாக் கஞ்சி, அவித்த மரவள்ளி.
இன்னொரு துண்டு கேட்டு வரிசையில் நின்ற இஸ்ஸாத்தியை
"இது பஞ்சத்தை உணர்வதற்கு" என்று விரட்டினார் மிஸ் ஓங்.

மெக்ரிச்சி ஓட்டத்தில் எங்களை முந்தியது ஒரு குரங்கு,
எங்கள் ரொட்டியோடு.
அதையும் எழுதினேன்: ரொட்டி, குரங்குக்கு, மூன்று இருபது.

ஏப்ரலில் ஒரு புதன்.
பள்ளி விட்ட பிறகு அறிவியல் கூடத்தில்
பஞ்சில் முளைத்த பயற்றுக்கு உயரம் அளந்துகொண்டிருந்தோம்,
பெய் ஷுவானும் நானும்.
அவள் கைப்பேசி அதிர்ந்தது.
படித்துவிட்டு
அடிக்கோலைப் பென்சில் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தாள்.
பெட்டியைவிட நீளமான அடிக்கோல்.
மறுபடியும் வைக்கப் பார்த்தாள்.

பேருந்துக்கு நேரமில்லை. டாக்சிக்குக் காசில்லை.
யாரிடமும் சொல்லாதே.
டின்னைக் கவிழ்த்தேன்.
மறுவாரம் வந்தவள்
நான்காய் மடித்த ரசீதைத் தந்தாள்.
பதினொன்று நாற்பது.

அன்றிரவு செலவுப் பக்கத்தில் எழுதினேன்,
மெழுகுவர்த்தி.
ஏன் அந்தச் சொல் வந்ததென்று
இன்றுவரை தெரியாது.

தமிழ் வகுப்பு மூன்றாம் மாடியில்.
குற்றியலுகரம் நடந்துகொண்டிருக்க
லோசனி என் நோட்டைப் புரட்டினாள்.
"பதினோரு வெள்ளிக்கு மெழுகுவர்த்தியா?
மாதா கோயிலா கட்டறோம்?"
சொல்லின் வாலில் குறுகும் உகரம்போல
நான் பாதியை விழுங்கினேன்.
அவள் என்னைப் பார்த்தாள்,
பிறகு கரும்பலகையைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளி என் எழுத்துக்குக் கீழே
அவளுடைய சாய்ந்த எழுத்து:
தீப்பெட்டி, அறுபது காசு.
"இப்போ சரியா பன்னிரண்டு. கூட்ட லேசு."
இடைவேளையில் பெய் ஷுவான் மேசையில்
சோயாப்பால் ஒன்று வியர்த்துக்கொண்டிருந்தது.

இன நல்லிணக்க நாளுக்கு ஊசி மூன்று பாக்கெட்.
ஹுவே மின் சேலைக் கொசுவத்தைக் கையில் அள்ளிப் படியேற,
இஸ்ஸாத்தியின் பாஜு குரோங்கில் எனக்குத் தோள் இறுக,
பெய் ஷுவான் சீருடையிலேயே வந்தாள்,
சட்டைக் கையில் கறுப்புத் துணிச் சதுரம்.
அது எந்த ஊர் உடை என்று
ஒருத்தியும் கேட்கவில்லை.
சதுரத்தின் ஒரு முனை தொங்கியது.
லோசனி மீந்த ஊசியால் அதைக் குத்திவிட்டாள்.

பிறகு புகைமூட்டம், முகக்கவசம்,
திடல் மூடிய மூன்று வாரம்,
தேர்வு.

நவம்பரில் பலகையை உரித்தோம்.
கடல் வெளுத்திருந்தது,
முகங்கள் இருந்த இடம் மட்டும் ஆழம்.

மிஸ் ஓங் கணக்கு கேட்டார்.
வரிவரியாக மொழிபெயர்த்தேன். குரங்குக்குச் சிரித்தார்.
"இது?"
"மெழுகுவர்த்தி, மிஸ்."
"பள்ளியில் நெருப்புக்கு அனுமதி இல்லையே?"
"ஏற்றவில்லை, மிஸ்," என்றாள் லோசனி,
யாரும் அவளைக் கேட்காமலே.

பின்வரிசையில் பெய் ஷுவான்
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்று, சத்தமில்லாமல்.
இன்னொன்று.

மிஸ் ஓங் அந்த வரியிலேயே பேனாவை வைத்திருந்தார்.
பிறகு பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டார்,
சிவப்பு மையை மூடிவிட்டு
நீலம் எடுத்து.