எத்தனை கிலோ?

இருபத்து மூன்று வருஷம் சிப்காட் எடைமேடையில்
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான்.
உப்பு லாரி, சாயப்பீப்பாய் லாரி, கரி லாரி
எல்லாம் என் முன்னால் நின்று மூச்சு விட்டிருக்கின்றன.
சீட்டில் மூன்றே வரி:
நிறை எடை.
வெற்று எடை.
கழித்தது போக.

ஆகவே சிகாமணி,
'புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கேரவன்,
பாதி விலை, குட்டி அடுப்பு, மடக்குக் கட்டில்'
என்றபோது நான் கேட்டது ஒன்றுதான்.
எத்தனை கிலோ?

அவருக்குத் தெரியவில்லை.
ஜன்னல் திரை மஞ்சள் என்பது தெரிந்திருந்தது.

பஸ்ஸில் போனோம். கன்னியக்கோயில் தாண்டி மழை.
பட்டறையில் லூயி பிரகாசம்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
'பஞ்சு மாதிரி மேடம், ஒரு விரலால் இழுக்கலாம்' என்றார்.
பஞ்சு லாரிகளையும் எடை போட்டவள் நான்.

குனிந்து தகட்டைத் தேடினேன். பெயின்ட் அடித்து மறைத்திருந்தது.
உள்ளே ஏறி, மஞ்சள் திரைக்குப் பின்னால்
மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
டீயில் நனைத்த பிஸ்கட் போல உள்ளே போனது.
எத்தனை புயலுக்கு நின்றிருந்ததோ.
பிரகாசம் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.

அதற்கும் பின்னால், தகரக் குவியலை ஒட்டி இன்னொன்று.
சின்னது. கழிவறை இல்லை. நிமிர்ந்தால் சிகாமணிக்குத் தலை இடிக்கும்.
தகடு மட்டும் பளிச்சென்று இருந்தது:
வெற்று எடை 540. மொத்தம் 700க்கு மேல் கூடாது.
திரையே இல்லை அதற்கு.
வாங்கினோம்.

இழுக்க எங்கள் ஆல்டோ போதும் என்றார் சிகாமணி.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இழுப்பதைவிட இழுபடுவது கனத்தால்
பாலத்து இறக்கத்தில் யார் யாரை ஓட்டுவது?

முதுநகர் துறைமுகத்தில் பஷீரின் பொலீரோ.
ஒன்பது வருஷம் வஞ்சிரமும் ஐஸும் சுமந்தது.
'வாசனை போகுமா?'
'போகாது. அதான் இந்த விலை.'
கிளட்ச் மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

புறப்படும் முன் என் பழைய மேடைக்கே கொண்டுபோனேன்.
ஜன்னலில் இப்போது ஜெனிட்டா. என் நாற்காலி, வேறு குஷன்.
கேரவனை மட்டும் கழற்றி நிறுத்தினோம்.
884.
சிகாமணி உள்ளே கட்டிலில் படுத்திருந்தார்.
இறங்கச் சொன்னேன். 812.

அப்புறம் அந்த வெயிலில், லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க,
தொட்டித் தண்ணீர் எண்பது லிட்டரையும் திறந்து விட்டேன்.
போகிற ஊரில் தண்ணீர் இருக்கும்.
கிரைண்டர் இறங்கியது.
யாராவது வந்தால் என்று வைத்த பன்னிரண்டு தட்டு,
யாரும் கேட்காத கேரம் போர்டு.
690.
ஜெனிட்டா சீட்டு கிழித்தாள். காசும் வாங்கினாள்.

கொக்கியின் மூக்குக்கு அடியில்
வீட்டிலிருந்து கொண்டுவந்த எடைமிஷினை வைத்தேன்.
62. அப்படியே என் எடை.
சிகாமணி சிரித்ததைக் கேட்காதவள் போல நிமிர்ந்தேன்.

முதல் பயணம் தேவனாம்பட்டினம் கடற்கரை வரைதான்.
எல்லாம் கணக்குப் போட்டோம், பின்னால் எடுப்பதைத் தவிர.
முட்டுச் சந்து.
இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம் போகிறது,
வலது ஒடித்தால் ஒரு வீட்டு வாசல் கோலத்துக்கு மேல் போகிறது.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.
கழற்றி, தூக்கி, திருப்பினார்கள்.
எண்ணினேன்: பதினொரு பேர்.
பிரகாசம் சொன்ன அந்த ஒரு விரல் அதில் யாருடையதோ.

'உள்ளே என்னக்கா சரக்கு?' என்றான் ஒருவன், மூச்சிரைக்க.
இரண்டு தலையணை, ஒரு அடுப்பு என்று ஆரம்பித்து
மீதியைத் தேடினேன்.
நூற்றைம்பது கிலோ வரவேண்டும்.
வரவில்லை.

சீட்டை எடுத்துப் பார்த்தேன்.
பின்பக்கத்தில் பேனாவால் ஜெனிட்டா எழுதியிருந்தாள்:
கேரம் போர்டு இங்கேயே இருக்கு, திரும்பும்போது எடுத்துக்கோங்க.