ஐந்தரைக்குள்

கார் டேஷ்போர்டில் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன்.
ஒன்று விலைப்பட்டியல்.
மற்றது மீன்பிடிச் சங்கம் வருடாவருடம் அச்சடிக்கும்
கடல் ஏறி இறங்கும் நேரக்கணக்கு.
முதலாவதை எல்லாரிடமும் நீட்டுவேன்.

தஞ்சோங் பாயாவில் வீடு விற்பவளுக்கு
ராகுகாலம் எமகண்டம் எல்லாம் அப்புறம்தான்.
அமாவாசையை ஒட்டி நான்கு நாள்,
பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள்,
நண்பகலில் மட்டும் ஆளைக் கூட்டிப்போ.
அந்நேரம் கடல் தன் சேற்றுக்குள் வெகுதூரம் பின்வாங்கி
நல்ல பிள்ளையாய்ப் படுத்திருக்கும்.
கடைசி வரிசை வீட்டின் சன்னலைத் திறந்து
கடற்காற்று என்று சொல்லலாம்.

செம்பனையைத் துண்டு போட்டு விற்ற கம்பெனி
முதல் வேலையாகப் பாக்காவ் மரங்களை வழித்தது.
காட்சியை மறைக்கிறதாம்.
இப்போது காட்சி
வாசல் வரைக்கும் வருகிறது.
பண்டு ஓரத்துச் செம்பனைகள்
மட்டை உதிர்ந்து, தலையில்லாமல்,
விளக்கு மாட்ட மறந்த கம்பங்களாக நிற்கின்றன.

இரண்டு லட்சத்து எழுபதுக்குப் போன வீடு
ஒன்று எண்பதில் நிற்கிறது.
முகவரியைக் கேட்டதும் பேங்குக்காரர் இருமுகிறார்.
ஆனாலும் ஆள் வருகிறது.
தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வாங்கியவர்கள்
ஈபிஎஃப் பணத்தோடு வேறெங்கே போவார்கள்?

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள்
வைரக்கண்ணு தம்பதி வந்தபோது மணி நான்கு நாற்பது.
பன்னிரண்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.
மில்லில் லோரி வரிசை நீண்டுவிட்டதாம்,
எடைமேடையில் மாற்று ஆள் இல்லையாம்.

எட்டாம் நம்பர் வீடு.
முந்தாநாள்தான் பெயிண்ட் அடித்தோம்.
அடித்தோம் என்றால், ஆ ஹோக் அடித்தான், நான் டின்னைப் பிடித்தேன்.
முழங்காலுக்குக் கீழே மூன்று பூச்சு.

அவர் கூரையைப் பார்த்தார். எல்லா ஆண்களும் கூரையைத்தான் பார்க்கிறார்கள்.
அமராவதியம்மா சுவரோரம் குந்தி உட்கார்ந்து
நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"உப்பு" என்றாள்,
அடுப்பிலிருக்கும் குழம்பைச் சொல்வதுபோல.

விரிசலைக் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன்,
பள்ளிக்கூட தூரத்துக்கு வைத்திருக்கிறேன்,
பண்டைக் கேட்டால் அரசாங்க டெண்டரைக் காட்டுவேன்.
நாக்குக்குப் பதில் தயாரித்திருக்கவில்லை.

ஐந்து பத்து.
பின்கட்டுச் சாக்கடை திசை மாறியது.
பழகாத கண்ணுக்குத் தண்ணீர் நிற்பது போலிருக்கும்.
ஒரு மைலோ டின் மூடி மட்டும்
கடலை விட்டுத் தோட்டத்தைப் பார்த்து நகர்ந்தது.
அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

"வருசத்துக்கு எத்தன தடவ?"
"நாலு. போன வருசம் ஆறு."
"எதுவரைக்கும்?"
ஒன்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக
என் காலிலேயே கை வைத்துக் காட்டினேன்.
முழங்காலுக்குச் சற்று கீழே.

கிளம்பிவிடுவார்கள் என்று சாவியை எடுத்துக்கொண்டேன்.
அவள் கூடத்தை அடியெடுத்து அளந்துகொண்டிருந்தாள்.
"இவருக்கு மாசியில அறுபது. குவாட்டர்ஸ் சாவியக் கொடுத்திரணும்.
கட்டிலுக்குக் கல்லு வச்சு உசத்திக்கலாம்.
ஃபிரிட்ஜுக்கும்."

வைரக்கண்ணு அப்போதுதான் வாய் திறந்தார்.
முப்பத்தொரு வருடமாக
ஏறும் லோரியை நிறுத்து, இறங்கிய லோரியைக் கழித்து,
மழை நாளில் குலையில் ஒட்டிய ஈரத்துக்கும் கணக்குப் பார்த்தவர்.
"தண்ணியக் கழிச்சிட்டு வெல சொல்லும்மா."

கிள்ளானில் இருக்கும் சொந்தக்காரருக்கு அழைத்தேன்.
பதினைந்து கேட்டு, பன்னிரண்டில் முடிந்தது.
அதில் என் கமிஷனும் கொஞ்சம் கழிந்தது.

தை பிறந்ததும் பால் காய்ச்ச நல்ல நேரம் கேட்டாள்.
பழக்கதோஷத்தில் டேஷ்போர்டுக் காகிதத்தை எடுத்து விரித்தேன்.
அது டிசம்பரோடு முடிந்திருந்தது.
"புதுசு வந்ததும் ஒண்ணு கொண்டாந்து தாரேன்."
"ரெண்டா குடு" என்றாள். "பக்கத்து வீட்டுக்கும் யாராச்சும் வருவாங்கல்ல."

மணி ஐந்து நாற்பத்தைந்து.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
காருக்கு நடந்தேன்.