மீதம் இருபத்துமூன்று மணி நேரம்

ஓலு நகரில் அன்று மைனஸ் இருபத்தேழு.
சவ்னாவுக்கும் துணி உலர்த்தும் அலமாரிக்கும் நடுவே
துடைப்பங்கள் நின்ற இடத்தைக் காலி செய்து
புதுப் பெட்டியை வைத்தேன்.
பதினாறு டெராபைட், இரண்டு வட்டுகள்.
ஒன்று எழுதுவதை அப்படியே மற்றதும் எழுதும்.
ஒன்று செத்தால் மற்றது சாட்சி சொல்லும்.

பழையது தரையில், நீல வயரின் மறுமுனையில்.
மூன்று டெராபைட் வட்டுகள் நான்கு,
பத்து வருடமாக ஒருநாள்கூட லீவு போடாதவை.
மூன்றாவது மட்டும் கொஞ்ச காலமாக
டிக் என்கிறது,
யோசிக்கிறது,
மறுபடி டிக்.

கட்டளையைத் தட்டினேன்.
மீதம் இருபத்துமூன்று மணி நேரம் என்றது.
பல் தேய்த்துவிட்டு வந்தால் நான்கு நாள் என்றது.
காபி கொதிப்பதற்குள் பத்தொன்பது மணி.
கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று கேட்டால்
சமையல்காரர் சொல்வாரே, அப்படி ஒரு கணக்கு.

ஹில்க்கா கம்பளிக் காலுறையோடு வந்து நின்றாள்.
"அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே?"

உன் பாடகர் குழுவின் ஒத்திகைகள், இருமல்கள் உட்பட.
ஆற்றில் பனி உடையும் நாட்கள்,
ஒரே ஜன்னலிலிருந்து பதினாறு வசந்தம்.
எப்போதோ விற்றுவிட்ட காரின் கையேடு.
வரி ரசீதுகள்.
என் கட்டைவிரல், பல கோணங்களில்.

"பாதியை அழித்திருந்தால்
பெரிய வட்டே வேண்டியிருக்காது" என்றாள்.
நியாயம்தான்.
ஆனால் எந்தப் பாதி என்று
அவளும் சொல்லாமல் படுக்கப் போனாள்.

இரவு மூன்று மணிக்குத் திரையில்
'பிறகு பிரிக்க' என்ற ஃபோல்டர் நகர்ந்துகொண்டிருந்தது.
அதற்குள் 'பழைய கணினி'.
அதற்குள் 'பிறகு பிரிக்க'.
அதற்குள் 'பழைய பழைய கணினி, தொடாதே'.
அதற்குள், வேறென்ன, 'பிறகு பிரிக்க'.
வீடு மாறும்போதெல்லாம்
கட்டவிழ்க்காமலே ஏற்றி
கட்டவிழ்க்காமலே இறக்கிய மூட்டை.

தொட்டேன்.

அடியில், இரண்டே கிலோபைட்டில், ஒரு கடிதம்.
தொண்ணூற்றேழு, நவம்பர்.
'அன்புள்ள தைஸ்தோ,
படகு மோட்டாருக்கு நான் தரவேண்டிய
அறுநூறு மார்க்காவை'

அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே நிற்கிறது.
யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.

மார்க்கா என்ற பணமே இப்போது புழக்கத்தில் இல்லை.
மோட்டார் கடலுக்கடியில், படகும் அதனுடன்.
தைஸ்தோ இருக்கிறான், கெமியில்.
ஹில்க்காவின் அண்ணன்.
கிறிஸ்துமஸுக்கு உப்பிட்ட மீன் அனுப்புவான்,
ஒரு வார்த்தை கேட்டதில்லை.
ஐந்து கணினி, மூன்று வீடு,
கணக்கில்லாத வட்டுகள் தாண்டி
என் கடன் மட்டும் ஓர் எழுத்து சிதையாமல்
வந்து சேர்ந்திருக்கிறது.

மறுநாள் இருட்டியபின்
(பிப்ரவரியில் அது ஒன்றும் தாமதமில்லை)
சரிபார்ப்பு முடிந்தது.
ஏழு லட்சத்துச் சொச்சம் கோப்புகள்,
அங்கும் இங்கும் ஒன்றே.
மூன்றாவது வட்டும் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டது.
பச்சை விளக்கு, இரண்டு.
திறக்காத ஹோட்டலின் மேசைகள் போல
எட்டு டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைய
வெற்றிடம்.

தைஸ்தோவுக்குப் போன் செய்தேன்.
மோட்டார், நவம்பர், கடிதம்,
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.
ஃபின்லாந்துக்காரர்களாகிய நாங்கள்
போனில் மௌனமாக இருக்க வல்லவர்கள்.
அவன் பனி வாரும் சத்தம் மட்டும் நின்றது.

"அறுநூறா?"
"அறுநூறு."
"எண்ணூறு. எண்ணெய்த் தொட்டியும் சேர்த்து.
கொட்டகை வாசலில் வைத்துப் பேசினோம்,
நீ என் கையுறையைப் போட்டிருந்தாய்."

"கோப்பு இருக்கிறது தைஸ்தோ,
பிட் பிட்டாகச் சரிபார்த்தாயிற்று" என்றேன்.

"நானும்தான் இருக்கிறேன்" என்றான்.

பழைய பெட்டியை அன்று அணைக்கவில்லை.